புது நியூரான் பிறந்தால் போதுமா?

வணக்கம் சார்,

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. மூளையில் புது நியூரான்களை, அதாவது நரம்புச் செல்களை, வளர்க்க முடியும் என்று படித்தேன். ஸ்டெம் செல் (வேறு செல்களாக மாறக்கூடிய மூலச்செல்) ஊசி போட்டால் பழையபடி ஆகிவிடுவார் என்கிறார்கள் ஓர் இடத்தில். நம்பலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தயவுசெய்து அந்த ஊசிக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

புது நியூரான் பிறக்கும் என்பது கட்டுக்கதை இல்லை. வயது வந்தவர்களின் மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் அவை உருவானதற்கான தடயம் 1998-இல் கிடைத்தது. 2018-இல் ஒரு குழு இல்லை என்றது, அதே ஆண்டு இன்னொரு குழு இருக்கிறது என்றது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் சரி, உங்கள் அப்பாவின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

ஸ்வீடனின் லுண்ட் நகர ஆய்வாளர்கள் 2002-இல் எலிகளுக்குப் பக்கவாதத்தை உண்டாக்கிப் பார்த்தார்கள். புது நியூரான்கள் பிறந்தன, சேதமான இடத்துக்கு நகர்ந்தும் போயின, ஆனால் பெரும்பாலானவை சில வாரங்களிலேயே செத்துப்போயின. மிஞ்சியவை ஈடுகட்டியது அந்தப் பகுதியில் அழிந்ததில் சுமார் 0.2 சதவீதம்தான்.

சரி, எல்லாமே பிழைத்தன என்று வைத்துக்கொள்வோம். கையை அசைக்கும் நியூரானின் ஆக்சான் (அதன் நீண்ட இழை) மூளையின் மேற்பரப்பில் கிளம்பி, மறுபக்கம் தாண்டி, தண்டுவடத்தில் கழுத்துவரை இறங்கிச் சரியான செல்லைத் தொட வேண்டும். கரு வளரும்போது தூரம் குறைவு, வழிகாட்ட ரசாயனக் குறிகளும் உண்டு. வளர்ந்த மூளையிலோ தழும்புத் திசுவும், ஆக்சான்களைச் சுற்றியிருக்கும் மையலின் உறையில் உள்ள புரதங்களும் வழியை மறிக்கின்றன. பார்கின்சன் நோயில் செல் மாற்று ஓரளவு பலன் தருவதற்குக் காரணமே, அந்த நோயில் குறைந்துபோகும் டோபமைன் என்ற ரசாயனம் தேவைப்படும் இடத்திலேயே செல்களை நட்டுவிடலாம் என்பதுதான் (அங்கேயும், நட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேலான சில செல்களுக்குள் அதே நோயின் அடையாளம் புகுந்திருந்ததை 2008-இல் கண்டார்கள்). பேச்சு அப்படி ஒரு ரசாயனத்தால் திரும்பி வருவதில்லை. ஒரு சொல் பல லட்சம் இணைப்புகளில் பரவிக் கிடக்கிறது, புதிதாக வரும் செல்லுக்கு அதில் எதுவும் தெரியாது.

அப்பாவுக்கு உதவப்போவது பிழைத்திருக்கும் பழைய நியூரான்கள். அவை புது இணைப்புகளைப் போடும், ஆனால் வேலை கொடுத்தால்தான். வலது கையில் கொஞ்சமாவது அசைவு இருந்தால், நல்ல கையைக் கட்டிவைத்து அந்தக் கையையே பழக்கும் முறை அவருக்குப் பொருந்துமா என்று இயன்முறை மருத்துவரிடம் கேளுங்கள். முதல் சில மாதங்களில்தான் மூளை அதிகம் பிடித்துக்கொள்ளும், ஆனால் அதற்குப் பிறகும் கதவு மூடிவிடுவதில்லை. ஸ்டெம் செல் ஆய்வில் சேரச் சொல்லி யாராவது அழைத்தால், எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முறையான ஆய்வில் பொதுவாக நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள்.

பேச்சுப் பயிற்சி தொடங்கிவிட்டதா? பக்கவாதம் வந்து எத்தனை மாதம் ஆகிறது என்று நீங்கள் எழுதவில்லை, அதையும் சொல்லுங்கள்.