தராசும் கடிகாரமும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். என் மகளின் பதினோராம் வகுப்பு இயற்பியல் பாடத்தில் அடிப்படை அளவுகள் ஏழு என்று இருக்கிறது. அவற்றுள் தலையாயது எது? எங்கள் பிழைப்பே தராசில் இருப்பதால் எனக்கு நிறை என்றுதான் படுகிறது. இன்னொன்றும் கேட்க வேண்டும். இங்கே ஐம்பது கிலோ காட்டிய மூட்டை, மலையடியில் இருக்கும் கம்பம் ஊரில் இறக்கி நிறுத்தால் சில சமயம் இருநூறு கிராம் குறைகிறது. மலை இறங்கியதுதான் காரணம் என்கிறார்கள். உண்மையா?

குமுளியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூட்டையிலிருந்தே தொடங்குகிறேன். இரு தட்டுத் தராசாக இருந்தால் மலையும் சமவெளியும் ஒன்றுதான். சரக்கையும் எடைக்கல்லையும் பூமி ஒரே அளவில் இழுப்பதால் மாற்றம் தெரியாது. இன்று கடைகளில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசு அப்படியல்ல. அது இழுவிசையை அளந்து, அதைக் கிலோவாக மாற்றிக் காட்டுகிறது. குமுளி கம்பத்தைவிட ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே இழுவிசை சற்றுக் குறைவு. ஆகவே ஒரே தராசைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தால் மூட்டை கனக்க வேண்டுமே ஒழிய, குறையக் கூடாது. அந்தக் கூடுதலும் ஐம்பது கிலோவுக்கு எட்டு கிராமைத் தாண்டாது. உங்கள் இருநூறு கிராமுக்கு மலையின் மேல் பழி போடுவது நியாயமில்லை. ஏலக்காய் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். அரை சதவீத ஈரம் போனாலே கால் கிலோ போய்விடும். இரண்டு தராசுகளுக்கும் கடைசியாக முத்திரை வைத்தது எப்போது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. நிறை என்று நீங்கள் சொல்வதில் வியாபாரியின் நியாயம் இருக்கிறது. ஆனால் அளவியலின், அதாவது அளவீட்டு அறிவியலின், கட்டுமானத்தைப் பார்த்தால் என் வாக்கு நேரத்துக்குத்தான். 1889 முதல் கிலோகிராம் என்பது பாரிஸுக்கு அருகே பூட்டி வைக்கப்பட்டிருந்த ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளை. நூறாண்டு கழித்து அதை அதன் பிரதிகளோடு ஒப்பிட்டபோது, அவற்றுக்கிடையே ஏறக்குறைய 50 மைக்ரோகிராம் வரை வேறுபாடு வந்திருந்தது. தேய்ந்தது உருளையா, கனத்தது பிரதிகளா என்று கேட்டால் விடை கிடையாது, ஏனெனில் அந்த உருளையின் நிறை எதுவோ அதுவே கிலோகிராம் என்றல்லவா விதி! அந்தச் சங்கடம் 2019 மே 20 அன்று தீர்ந்தது. குவாண்டம் இயற்பியலின் அடிப்படை மாறிலியான பிளாங்க் மாறிலிக்கு மாறாத ஓர் எண் மதிப்பைக் கொடுத்து, அதிலிருந்து கிலோகிராமை வரையறுத்தார்கள். அந்த மாறிலியின் அலகுக்குள் மீட்டரும் விநாடியும் இருக்கின்றன. மீட்டரோ 1983 முதல், வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியின் 299,792,458-இல் ஒரு பங்கில் கடக்கும் தொலைவு. ஆக, உங்கள் கிலோவைப் பிரித்துக்கொண்டே போனால் அடியில் கிடப்பது விநாடி.

மின்னோட்டம், வெப்பநிலை, ஒளிச்செறிவு ஆகியவையும் இப்படியே விநாடியில் வந்து நிற்கின்றன. பொருளின் அளவுக்கான அலகான மோல் மட்டும் இதில் சேராது. அது வெறும் எண்ணிக்கை, 6.02214076 × 10²³ துகள்கள், அவ்வளவுதான்.

விநாடிக்கு இந்த இடம் கிடைத்ததற்குக் காரணம், மனிதன் வேறு எதையும்விட நுட்பமாக அளக்கக் கற்றது அதைத்தான் என்பதே. 1967 முதல் அது சீசியம்-133 அணுவின் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சின் 9,192,631,770 அலைவுகளுக்கு ஆகும் நேரம். எண்ணுவது எளிது, எடைக்கல்லைப் போல அணு தேய்வதுமில்லை. அதனால் மற்ற அளவுகளை இயன்றவரை எண்ணிக்கையாகவும் நேரமாகவும் மாற்றிக்கொள்வதே அளவியலாரின் வழக்கமாகிவிட்டது.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: நேரமும் மலை ஏறினால் மாறும். இரண்டு அணுக்கடிகாரங்களில் ஒன்றைக் குமுளியிலும் மற்றொன்றைக் கம்பத்திலும் வைத்தால், ஈர்ப்பு குறைந்த மேட்டில் இருக்கும் குமுளிக் கடிகாரம் ஆண்டுக்கு ஒன்றரை மைக்ரோவிநாடிக்குச் சற்று அதிகமாக முந்தி ஓடும். நல்ல கடிகாரங்கள் இந்த வேறுபாட்டைப் பிடித்துவிடும். பத்து, இருபது கிராம் படிகளில் எண் காட்டும் உங்கள் கடைத் தராசுதான் அந்த எட்டு கிராமைப் பிடிக்காது.