"நான் மட்டும் படிச்சு என்ன பண்ண அக்கா?"

கேள்வி: திருமங்கலம் பக்கம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவன், நன்றாகப் படிப்பான், இப்போது காலையானால் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போவதில்லை. கேட்டால், "அண்ணன் இன்ஜினியரிங் முடிச்சுட்டு பெயின்ட் வேலைக்குத்தான் போறான், நான் மட்டும் படிச்சு என்ன பண்ண அக்கா?" என்கிறான். என்ன பதில் சொல்வது?
- ஒரு வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: உடனே பதில் சொல்லாதீர்கள். கஷ்டப்பட்டுப் படித்தால் முன்னுக்கு வரலாம் என்று அவன் அண்ணனிடமும் யாரோ சொல்லித்தான் இருப்பார்கள். பையன் சோம்பேறி இல்லை, வீட்டில் கண்ணெதிரே நடப்பதைப் பார்த்துக் கணக்குப் போடுகிறான், அந்தக் கணக்கில் உண்மையும் இருக்கிறது. குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்குப் போக வழியில்லை, பாஸ்போர்ட் கிடைப்பது பெரும்பாடு. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்! அதனால் "நீ சொல்றது சரிதான்டா தம்பி, உன் கோபம் நியாயம்" என்று ஆரம்பியுங்கள். அவன் பேசட்டும். இடையில் புகுந்து ஆறுதல் சொல்லாமல் கேட்டாலே அவனுக்குப் பாரம் குறையும்.

வயிற்றுவலியை நடிப்பு என்று யாரும் சொல்ல விடாதீர்கள். முதலில் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், உடம்பில் ஒன்றுமில்லை என்று அவர் சொன்னாலும் வலி பொய்யாகிவிடாது, மனதில் இருக்கும் பயம் பிள்ளைகளுக்கு வயிற்றிலும் தலையிலும்தான் முதலில் தெரியும். பள்ளியில் யாராவது "அகதிப் பையன்" என்று சொன்னார்களா, வீட்டில் குடிப் பிரச்சினை இருக்கிறதா என்பதையும் மெல்ல விசாரியுங்கள், ஆனால் மற்ற பிள்ளைகள் முன்னால் வேண்டாம். ராத்திரி தூக்கமே இல்லை, யாரோடும் சேருவதில்லை, செத்துப்போகலாம் என்று பேசுகிறான் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், குழந்தைகளுக்கான 1098-ம் இருக்கிறது.

அப்புறம்தான் படிப்புப் பேச்சு. பத்து வருஷம் கழித்து என்ன ஆவான் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியாது, அதனால் அதைப் பேசாமல், பத்தாவது முடித்ததும் என்ன செய்யலாம் என்று மட்டும் பேசுங்கள். கே.புதூர் ஐ.டி.ஐ.க்கு ஒரு நாள் கூட்டிப்போய், அங்கே என்னென்ன சொல்லித் தருகிறார்கள், சேர என்னென்ன காகிதம் வேண்டும் என்று அவனையே கேட்க வையுங்கள். முகாமிலிருந்து படித்துப் பட்டம் வாங்கியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1984-ல் இலங்கைத் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இத்தனை வருஷமாக முகாம் பிள்ளைகளின் படிப்புக்குத்தான் முக்கியமாக உழைத்திருக்கிறது, அவர்கள் மூலம் அப்படி ஒருவரைப் பிடித்து இவனோடு பேச வையுங்கள். அந்த அண்ணன்களும் அக்காக்களும் சொன்னால் நம்புவான், நம்மைவிட அவர்கள் பேச்சுக்கு எடை அதிகம்.

இன்னொன்று, பழைய முகாம் வீடு என்றால் பத்துக்குப் பத்து அறை, அதில் சமையல், டிவி, தூக்கம் எல்லாம். உங்கள் வகுப்பு முடிந்த பிறகும் அந்த இடத்தை இரவு ஒன்பது மணி வரை திறந்து வைக்க முடியுமா என்று முகாம் தலைவரிடம் கேளுங்கள். பாடமே நடத்த வேண்டாம், ஒரு லைட்டும் கொஞ்சம் அமைதியும் போதும்.

கேள்வி: முகாமுக்குப் புதிதாக வந்த உறவினர் பிள்ளைக்கு டி.சி., பிறப்புச் சான்று எதுவும் இல்லை. அரசுப் பள்ளியில் சேர்ப்பார்களா?
- ஒரு வாசகர், ஆனையூர்

பதில்: சேர்க்க வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளையை வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது, டி.சி. வரத் தாமதமானாலும் அதேதான். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சியும் தர வேண்டும். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள், அதோடு வட்டாரக் கல்வி அலுவலரைப் பாருங்கள். சேர்த்த அன்றே பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றும் முகாம் பதிவில் இருப்பதுபோலவே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் இங்கே குடியுரிமை கேட்டாலும் சரி, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்தாலும் சரி, ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பிள்ளைதான் வருஷக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.