யாருமே செய்யாததா?

கேள்வி: ஸ்டார்ட்அப் தொடங்க ஆசை. யாருமே செய்யாத, நல்ல எதிர்காலமுள்ள ஐடியாவை எப்படித் தேர்ந்தெடுப்பது? (வாசகர், விழுப்புரம்)

பதில்: 'யாருமே செய்யாத' என்று ஏன் போட்டீர்கள்? தொழில் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த வார்த்தை இருக்கிறது. படித்தாலே எனக்குக் கோபம் வருகிறது. நன்றாகப் படித்த பிள்ளைகள் இதை நம்பி வருடக்கணக்கில் யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள்.

உங்களுக்குப் பக்கத்து ஊர்தான் கடலூர். பணக்காரர் வாங்குவது கூலி வேலை செய்பவருக்கும் எட்ட வேண்டும் என்று நினைத்தவர் அந்த ஊர் சின்னி கிருஷ்ணன். ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்துப் பார்த்தார். அந்தக் குடும்பம் 'வெல்வெட்' என்று விற்றது. 1983-ல் மகன் சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலைவிட்டு வெளியே வந்து, 15,000 ரூபாயில் தனியாகத் தொடங்கினார். எதை? அதே பாக்கெட் ஷாம்புவை! பெயர் மட்டும் 'சிக்'. சொந்த வீட்டிலேயே போட்டி.

கிராமங்களில் ஒரு பையனை உட்கார வைத்து, எல்லோர் முன்னாலும் தலைக்கு ஷாம்பு தேய்த்துவிட்டு, முடியைத் தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள் என்றார்கள். எந்தக் கம்பெனியுடையதானாலும் சரி, ஐந்து காலிப் பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் இலவசம். அப்புறம் சிக் பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். அதற்குள் ஜனங்களுக்கு அது பழகிவிட்டது. ரங்கநாதனின் கேவின்கேர் கம்பெனி வளர்ந்தது இப்படித்தான்.

உங்கள் ஐடியாக்களையும் இப்படிப் பாருங்கள். இன்றைக்கு யார் எதில் திண்டாடுகிறார்? எதை வைத்துச் சமாளிக்கிறார்? அதற்கு எவ்வளவு செலவழிக்கிறார்? இருபது பேரிடம் நேரில் போய்க் கேளுங்கள். ஒருவர்கூட முன்பணம் தரவில்லையென்றால் அடுத்த ஐடியாவுக்குப் போங்கள். ஏற்கெனவே நாலு பேர் அதைச் செய்கிறார்களா? நல்லது, வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிட்டதே.

காலிப் பாக்கெட் என்றதும் என் பழைய சண்டை ஞாபகம் வருகிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. காய்கறிக்காரர் பையை ஒளித்து வைக்கிறார். ஷாம்பு பாக்கெட்டோ கடை வாசலில் சரமாகத் தொங்குகிறது. பல படலங்களை ஒட்டிச் செய்கிற பாக்கெட்டைக் காயலான் கடைக்காரர் தொடமாட்டார். எடைக்குப் போக வழியில்லாமல் வாய்க்காலுக்குப் போகிறது. பிளாஸ்டிக் பாக்கெட்டில் அடைத்து விற்கிற எல்லாக் கம்பெனிகளையும் கேட்கிறேன்: விற்பனை பெருக வேண்டும் என்றபோது காலிப் பாக்கெட்டைத் திரும்ப வாங்க வழி கிடைத்ததல்லவா? ஊர் சுத்தமாக அதே வழி ஏன் கூடாது?

விழுப்புரத்தில் சாக்கடை அள்ளுகிற துப்புரவுப் பணியாளர்களிடம், கழிவில் என்ன அதிகமாக வருகிறது என்று முதலில் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.