பெரியவர்களும் புதிய பழக்கங்களும்: பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

மழைத்துளி: அப்பாவுக்கு 74. நடக்கச் சொன்னால், "இனி நடந்து என்ன ஆகப்போகிறது?" என்கிறார்.

நன்மைகளை அடுக்கிப் பயனில்லை. 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 90 வயதை ஒட்டிய முதியோர் இல்லவாசிகளுக்கு 8 வாரம் எடைப்பயிற்சி கொடுத்தார்கள். கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஆனால் அப்பாவை இந்தக் கணக்கு அசைக்காது. தன் உடம்பிலேயே அவர் அதைப் பார்க்க வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழுகிறார் என்று எண்ணி, தாளில் எழுதி அவரிடமே கொடுத்துவிடுவேன். ஒரு பெரியவர் முதல் நாள் 5 முறை எழுந்தார், மூன்று வாரத்தில் 8. சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த அந்தத் தாளை அவரே எடுத்துக் காட்டினார்.

வண்ணமயில்: தினம் 10,000 அடி கட்டாயமா?

இல்லை. அது 1960களில் ஜப்பானில் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்த எண்.

கதிர்: பயமுறுத்தினால்தான் கேட்பார்கள். பக்கவாதம் வரும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பெரியப்பா சிகரெட்டை விட்டார்.

சில நேரம் நடக்கும். ஆனால் தினமும் ஒன்றைச் செய்யவைக்கப் பயம் போதாது. விழுந்துவிடுவோம் என்று பயந்தவர் நடையைக் குறைப்பார், கால் தளரும், அப்புறம் நிஜமாகவே விழுவார்.

நிலா: கதிர், மாமியாரை நாங்களும் அப்படித்தான் மிரட்டினோம். வாசல்வரை வருவதையும் நிறுத்திவிட்டார்.

கதிர்: அப்போ கெஞ்சிக்கொண்டே இருக்கணுமா?

கெஞ்சவும் வேண்டாம், கேளுங்கள். "எதைச் செய்ய முடியாமல் போனது உங்களுக்கு வருத்தம்?" என்று கேட்டபோது ஓர் அம்மா, "தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, அதனால் பேத்தியோடு விளையாடுவதில்லை" என்றார். பயிற்சி என்ற சொல்லையே எடுக்காமல், தரையில் உட்கார்ந்து எழுவதை மட்டும் பழக்கினோம். ஒரு நாளும் தவறவில்லை. வயது ஏற ஏற, தூரத்து லாபத்தைவிட நெருங்கிய உறவுகளே பெரிதாகின்றன என்பது உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் சொல்லும் விளக்கம். அவர்களைக் கேட்காமல் திட்டம் போடாதீர்கள்.

பயணி: 21 நாளில் பழக்கமாகிவிடுமா?

லண்டனில் நடந்த ஆய்வில் சிலருக்கு 18 நாள் ஆனது, சிலருக்கு 254 நாள் என்று கணக்கிட்டார்கள்; நடுமதிப்பு 66. காலை மாத்திரை போட்ட கையோடு என்று, இருக்கிற வேலையோடு ஒட்டிவிடுங்கள்.

தும்பை: மூட்டுவலி மாத்திரையைக் குறைக்கலாமா?

அவருடைய மருத்துவரைக் கேளுங்கள்.

அலை: மாமா 8,000 அடி நடக்கிறார். 10,000 ஆக்கச் சொல்லட்டுமா?

மேலேயே சொல்லிவிட்டேன். 8,000 தாராளம். ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா பாருங்கள், பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஏதாவது இருக்கட்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரத்தில் 3 நாளாவது சமநிலைப் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதையும் அவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கதிர்: பெரியப்பாவிடம் கேட்டேன். "ஒன்றுமில்லை, போ" என்றார்.

இன்றைக்கு விட்டுவிடுங்கள். இன்னொரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் ஏதாவது சொன்னால் கூடவே வருவீர்களா என்பதை மட்டும் அதற்குள் முடிவுசெய்துகொள்ளுங்கள்.