உறுதிக்காணிக்குப் பதில் பெர்மிட் காணியா? கையெழுத்துப் போடுமுன் பாருங்கள்

கேள்வி: மூதூர்ப் பக்கம் அப்பாவின் பெயரில் இருந்த ஒரு ஏக்கர் உறுதிக்காணியை வீதி வேலைக்கென்று எடுத்துவிட்டார்கள். காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு வர்த்தமானி (காணியைப் பொறுப்பேற்கும் கட்டளை) மட்டும் வந்தது. நட்டஈடு ஒரு சதமும் வரவில்லை. இப்போது வேறோர் இடத்தில் 40 பேர்ச்சஸ் அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் தருவதாகவும், அதற்கு "வேறு கோரிக்கை இல்லை" என்று கடிதம் வேண்டும் என்றும் கேட்கிறார்கள். அப்பா காலமாகிவிட்டார், பிள்ளைகள் மூவர். உறுதி 1990 இடப்பெயர்வில் தொலைந்துபோனது.

பதில்: அந்தக் கடிதத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். நட்டஈட்டுப் பணம் சட்டம் உங்களுக்குத் தந்த உரிமை. மாற்றுக் காணி பேசி எடுக்க வேண்டியது. கடிதம் கொடுத்தால் உரிமை போய்விடும், பேச்சு மட்டும் மிஞ்சும்.

1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டப்படி, 38ஆம் பிரிவின் காப்பு வாசகத்தின் (விதிவிலக்குத் தரும் பகுதியின்) கீழ் அவசரம் என்று சொல்லி முதலில் காணியைப் பொறுப்பேற்கலாம். நட்டஈட்டு வேலை அதோடு முடிவதில்லை. 7ஆம் பிரிவு அறிவித்தல், 9ஆம் பிரிவு விசாரணை, 10ஆம் பிரிவில் உரித்துத் தீர்மானம், 17ஆம் பிரிவில் நட்டஈட்டுத் தீர்ப்பு எல்லாம் நடக்க வேண்டும். உங்கள் கோப்பு 7ஆம் பிரிவு அறிவித்தலுக்கு முன்னேயே நிற்கிறது போலத் தெரிகிறது. பிரதேச செயலாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதி, அந்த அறிவித்தல் எப்போது வெளியாகும் என்று கேளுங்கள். கூடவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோப்பின் பிரதியையும் கேளுங்கள். சந்தைப் பெறுமதி 7ஆம் பிரிவு அறிவித்தல் வெளியான திகதியை வைத்தே கணிக்கப்படும். அதனால் அந்தத் திகதி முக்கியம்.

அறிவித்தல் வந்ததும் எழுத்தில் கோரிக்கை போடுங்கள்: உங்கள் உரித்து என்ன, எவ்வளவு கேட்கிறீர்கள், அந்தத் தொகை எப்படி வந்தது. கிணறு, மதில், தென்னை எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு எழுதுங்கள். மண் வெட்டும் இயந்திரம் வந்தபின் இவற்றை நிரூபிப்பது கடினம். பழைய படங்கள் இருந்தால் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு இணையுங்கள். தீர்ப்புத் தொகை குறைவென்றால், அறிவித்தல் கிடைத்த 21 நாளுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம்.

தொலைந்த உறுதிக்காகக் கலங்க வேண்டாம். நொத்தாரிசு ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது கடமை. திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் அப்பாவின் பெயரையும் காணியின் பெயரையும் வைத்துத் தேடி, சான்றுப்படுத்திய பிரதி எடுங்கள். இறப்புச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ்களோடு மூவருமே சேர்ந்து கோருங்கள். ஒருவர் மட்டும் போனால் அனுமதிப்பத்திரம் அவர் பெயரிலேயே எழுதப்படும். பிறகு சகோதரங்களுக்கிடையே வரும் வழக்கு பல வருடம் இழுக்கும்.

இனி மாற்றுக் காணி. 2001இல் அமைச்சரவை ஏற்ற, சுயவிருப்பற்ற மீள்குடியேற்றம் பற்றிய தேசியக் கொள்கை, காணி இழந்தவருக்கு மாற்றுக் காணி ஒரு தெரிவாக இருக்க வேண்டும் என்கிறது; முழு மாற்றுச் செலவின் அடிப்படையில் நட்டஈடு என்றும் சொல்கிறது. இது கொள்கை, சட்டம் அல்ல. ஆனாலும் கடிதத்தில் இதைக் குறிப்பிடுங்கள், பலன் உண்டு.

இங்கே பெரிய பிழை பரப்பளவை மட்டும் பார்ப்பது. ஒரு ஏக்கர் 160 பேர்ச்சஸ், தருவது அதில் கால்வாசி. அதைவிட நான் கவலைப்படுவது உரித்தின் தரம் பற்றித்தான். உங்கள் அப்பாவின் காணியை விற்கலாம், ஈடு வைக்கலாம், பங்கிடலாம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் அனுமதிப்பத்திரக் காணியில் இதெல்லாம் பிரதேச செயலாளரின் சம்மதத்தில் தொங்கும். நிபந்தனை மீறியதாகச் சொல்லி ரத்துச் செய்யவும் வழி உண்டு. ஆகவே, அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் முழு உரித்துடன் அளிப்பு (அரசு காணியை உங்கள் பெயருக்கு எழுதித் தரும் பத்திரம்) கேளுங்கள். இரு காணிகளுக்கும் விலை மதிப்பீட்டுத் திணைக்கள மதிப்பீடு கேளுங்கள், வித்தியாசத்தைப் பணமாகக் கேளுங்கள். அளிப்புப் பத்திரம் கையில் வந்து பதிவான பிறகே கோரிக்கை கைவிடுதல் பற்றிப் பேச வேண்டும்.

காட்டும் இடத்தையும் போய்ப் பாருங்கள். நமது மாவட்டத்தில் "அரச காணி" என்று காட்டப்படுவது வனத் திணைக்கள ஒதுக்காகவோ தொல்பொருள் பகுதியாகவோ இருந்துவிடுவதுண்டு. கடலோரமென்றால் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். கட்டடத்துக்குத் தனி அனுமதி வேண்டும். இடம்பெயர்ந்து போன இன்னொருவரின் பழைய பெர்மிட்டும் அதே துண்டில் இருக்கக்கூடும். பிரதேச செயலகக் காணிப் பேரேட்டையும் அளவை வரைபடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சம்பூரில் மக்களுக்குத் திருப்பிக் கொடுத்த 818 ஏக்கரை உதாரணம் காட்ட நினைப்பீர்கள். 2015இல் அங்கே ரத்தானது முதலீட்டுச் சபைக்குக் கொடுத்த வர்த்தமானி; உங்கள் நிலைமை வேறு. வீதி வேலை கைவிடப்பட்டு, நட்டஈடும் கொடுக்கப்படாமல், காணியில் எந்த அபிவிருத்தியும் செய்யாதிருந்தால், 39அ பிரிவின் கீழ் காணியையே திருப்பிக் கேட்கலாம். அதையும் அதே பதிவுத் தபாலில் எழுதிவிடுங்கள்.