வயித்தைச் சின்னதாக்கின ஒப்பரேஷனுக்குப் பிறகும் ஏன் வெயிட் ஏறுது, மனசும் ஏன் விழுது?

குறைஞ்ச நிறையில கொஞ்சம், 2 வருசம் போல கழிய திரும்பி வாறதைத்தான் வெயிட் ஏறுது எண்டு சொல்றது, கனபேருக்கு நடக்குது. ஸ்லீவ் எண்ட வகை ஒப்பரேஷன் எண்டா இரைப்பையில ஏறக்குறைய 80 சதவீதத்தை வெட்டி எடுப்பினம், பசியைத் தூண்டுற கிரெலின் ஹோர்மோனும் குறையும், ஆனா உடம்பு பழைய நிறையை லேசில மறக்காது. சாமான் தட்டுப்பாட்டைப் பாத்த எங்கட அம்மம்மா மாதிரித்தான், குறையுது எண்டு தெரிஞ்சா செலவைச் சுருக்கும், பிறகு கிடைக்கிறதெல்லாம் பேணியில பதுக்கும். எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒராளுக்கு புட்டு நாலு வாய்க்கு மேல இறங்காது, திருகோணமலை டச் பே கடற்கரையில ஐஸ்கிரீம் மட்டும் வழுக்கிக்கொண்டு போகும், அங்கதான் கலோரி ஏறுது.

மனசு விழுறதுக்கு, கவலைக்கு ஆறுதலா இருந்த சாப்பாடு கையை விட்டுப் போனதும் ஒரு காரணம், கலியாண வீட்டில "திரும்ப உடம்பு வச்சிட்டீர் போல" எண்டு கேக்கிற சனம் வேற. விற்றமின் பி12, இரும்புச்சத்து குறைஞ்சாலும் சோர்வு வரும், ரத்தம் செக் பண்ணுங்கோ, மனச்சோர்வு மருந்தை நீங்களா நிப்பாட்டாதீங்கோ, ராவில தாங்கேலாட்டி இலங்கையில மனநல உதவி இலக்கம் 1926க்கு அடியுங்கோ.

வெயிட் ஏறினா வயிறு பழைய சைசுக்கு வந்திட்டுது எண்டு நினைக்கிறது பிழை, கொஞ்சம் இளகும், அவ்வளவுதான்.