வயலில் நிற்கும் மூத்த மகன்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். என் பெயரைப் போட வேண்டாம். வயது 44, பாளையங்கோட்டையில் இருக்கிறேன். பதினெட்டு வருஷமாக ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். விடிகாலை நாலரைக்குத் தவறாமல் எழுந்து ஜெபிப்பேன். அட்டவணை வைத்து வருஷத்துக்கு ஒருமுறை வேதாகமத்தைத் தவறாமல் முடிப்பேன். வெள்ளிக்கிழமை உபவாசமோ, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் தசமபாகமோ ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் இரண்டு வருஷமாக உள்ளே ஒன்றுமே இல்லை. வாய் ஜெபிக்கிறது, மனசு அடுப்படியில் நிற்கிறது. போன மாசம் மகனுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் வேதம் வாசிக்க முடியவில்லை. அடுத்த வாரமே அவன் சைக்கிளில் இருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். கர்த்தர் தண்டித்துவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. ஜெபக்குழுவில் ஒரு அக்கா, ‘நீ அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கு, தேடிப் பாரு’ என்கிறார். தேடித் தேடி அலுத்துவிட்டேன். 21 நாள் உபவாசம் இருந்தும் பார்த்தாயிற்று. நான் விசுவாசத்தை விட்டு விலகி, பின்மாற்றத்தில் போய்விட்டேனா அண்ணன்?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மகனுடைய கை. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது ஆண்டவர் சொன்ன பதிலை நீங்களே எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள்: ‘அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல.’ பையன்கள் சைக்கிளில் இருந்து விழுவார்கள். தாய் மூன்று நாள் வேதம் வாசிக்கவில்லை என்று பிள்ளையின் எலும்பை முறிக்கிற ஒரு கடவுளை நான் சுவிசேஷங்களில் எங்கேயும் பார்த்ததில்லை. அந்த மூன்று நாளும் நீங்கள் அவன் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பீர்கள். அதைப் போய் கடன் கணக்கில் எழுதி வைத்திருக்கிறீர்களே!

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ‘தவறாமல்’ என்று இரண்டு இடத்தில், ‘தவறியதில்லை’ என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லில் நின்றுவிட்டேன். எனக்கு ஜான் வெஸ்லி ஞாபகம் வந்தார்.

மெதடிஸ்ட் சபைகளின் தொடக்கம் அவர் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு முந்தைய வெஸ்லியைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். 1728-இல் குருப்பட்டம் பெற்றவர். 1729 முதல் ஆக்ஸ்போர்டில் ஒரு சிறு குழுவாகக் கூடி புதனும் வெள்ளியும் உபவாசம், சிறைச்சாலைச் சந்திப்பு, ஏழைகளுக்கு உதவி என்று இருந்தார்கள். அங்கே அவர் மணிக்கு மணி நாட்குறிப்பு எழுதினார். தன் பக்தியின் நிலைக்கு எண் போட்டு வைக்கும் அளவுக்குப் போனார். உங்கள் அட்டவணையை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு மிஷனரியாக அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குக் கப்பலேறினார். 1736 ஜனவரி 25-ஆம் தேதி நடுக்கடலில் பெரும்புயல். பாய் கிழிந்து, கப்பல்மேல் கடலே ஏறி வந்தது. ஆங்கிலேயர் அலறினார்கள். உடன்வந்த மொரேவியர், அதாவது ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு புராட்டஸ்டண்ட் சபையின் விசுவாசிகள், பாடிக்கொண்டிருந்த சங்கீதத்தை நிறுத்தவில்லை. பயமாக இல்லையா என்று அவர்களில் ஒருவரிடம் பிறகு கேட்டார். இல்லை என்றார் அவர். உங்கள் பெண்களும் பிள்ளைகளும்? எங்கள் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சாகப் பயமில்லை.

அவ்வளவு உபவாசம் இருந்த குருவுக்குச் சாகப் பயம் இருந்தது. ஜார்ஜியாவில் ஊழியமும் கைகூடவில்லை. செவ்விந்தியரை மனந்திருப்பப் போனேன், என்னை யார் மனந்திருப்புவார்கள் என்று எழுதிக்கொண்டே 1738 தொடக்கத்தில் ஊர் திரும்பினார். அந்த வருஷம் மே 24-ஆம் தேதி மாலை, மனமில்லாமலே லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்துக்குப் போனார். ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது அடிக்கக் கால்மணி இருக்கும்போது தன் உள்ளம் விநோதமாகக் கதகதப்பானதை உணர்ந்ததாக எழுதுகிறார். கிறிஸ்துவை, கிறிஸ்துவை மட்டுமே, நம்புகிறேன் என்ற நிச்சயம் வந்ததாம்.

வெஸ்லியின் கதையைச் சாட்சியாகச் சொல்கிறவர்கள் பொதுவாக இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது கேட்கிறவர்களுக்குச் செய்கிற அநியாயம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் 1739 ஜனவரி 4-ஆம் தேதி, ஏழே மாதத்தில், அதே வெஸ்லி ‘இப்போதும் நான் கிறிஸ்தவன் இல்லை’ என்று எழுதியிருக்கிறார். தேவனிடத்தில் அன்பில்லை, ஆவியின் சந்தோஷமும் சமாதானமும் தனக்கில்லை என்று புலம்புகிறார். உங்கள் கடிதம் மாதிரியே இருக்கும். ஆனால் ஏப்ரல் 2-ஆம் தேதி பிரிஸ்டலில் வெட்டவெளியில் நின்று ஏறக்குறைய மூவாயிரம் பேருக்குப் பிரசங்கம் செய்தார். உள்ளம் மறுபடி சூடாகட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்துப் பழைய நாட்குறிப்பைப் புரட்டியவர், விசுவாசமே இல்லாதவன் என்று தன்னைத் தீர்த்துக்கொண்ட பக்கத்தில் ஒரு குறிப்புச் சேர்த்தார். அப்போதும் எனக்கு விசுவாசம் இருந்தது, வேலைக்காரனுக்குரிய விசுவாசம்; மகனுக்குரியது இல்லை என்று. இந்த ஒரு குறிப்புக்காகத்தான் இவ்வளவு கதையும் சொன்னேன்.

நீங்கள் பின்மாற்றத்தில் போகவில்லை. அப்பா வீட்டில் வேலைக்காரியாக இருந்து களைத்துப்போயிருக்கிறீர்கள். லூக்கா 15-இல், சொத்தைப் பிரித்து வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனான கெட்ட குமாரனையே நாம் பேசுகிறோம், வீட்டோடு இருந்த மூத்தவனை விட்டுவிடுகிறோம். ‘இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து’ என்று தொடங்குகிறான் அவன். மீறியதே இல்லை என்கிறான், ஒரு ஆட்டுக்குட்டி தரவில்லை என்கிறான். எல்லாம் கணக்கு. தம்பி திரும்பி வந்ததற்காக வீட்டுக்குள் ஆடல்பாடல் கேட்கிறது, இவன் வயலில் இருந்து வந்து வெளியே நிற்கிறான். அவனையும் தேடித் தகப்பன் வெளியே வருகிறார். ‘வருந்தியழைத்தான்’ என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. என்ன அருமையான சொல் அது! ‘மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது.’ அவன் உள்ளே போனானா என்று கதையில் இல்லை.

அப்போஸ்தலன் பவுல் நிருபம் எழுதிய கலாத்தியா சபையாருக்கும் இதே வியாதிதான். நாட்களையும் மாதங்களையும் பார்க்கிறீர்களே என்று பவுல் பதறுகிறார். ‘கிறிஸ்து நமக்கு உண்டாக்கின சுயாதீன நிலைமையிலே நிலைகொண்டிருங்கள்’ என்று கெஞ்சுகிறார். சுயாதீனம் என்ற சொல்லை நம் பிரசங்க பீடங்களில் கேட்டு எத்தனை நாளாயிற்று!

எல்லாவற்றையும் விட்டுவிட்டால் சோம்பேறியாகிவிடுவேனே என்று பயப்படுவீர்கள். வெஸ்லி உபவாசத்தை விடவில்லை, 1791-இல் 87 வயதில் சாகும்வரை ஊழியத்தையும் விடவில்லை. செய்தவை பழைய காரியங்களே, தகப்பனிடம் நல்ல பேர் வாங்கவேண்டிய கட்டாயம்தான் போயிற்று. அதே கலாத்தியர் நிருபத்தில் பவுலும் அந்தச் சுயாதீனத்தோடு ‘அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்’ என்கிறார்.

அம்மா இறந்தபின் ஒரு வருஷத்துக்கும் மேல் என்னால் ஜெபிக்க முடியவில்லை. ஆலயத்தில் போய் உட்காருவேன், பக்கத்தில் இருப்பவர்கள் பாடுவார்கள். பரிசுத்த நற்கருணைக்கு எல்லாரோடும் போய் முழங்கால்படியிட்டு வெறுங்கையை நீட்டுவேன். அப்பத்தை வைத்துவிட்டு சபைக்குரு அடுத்த ஆளிடம் போவார். இந்த மாதம் நீ எத்தனை அதிகாரம் வாசித்தாய் என்று அந்த இடத்தில் யாரும் கேட்பதில்லை. அந்த வருஷம் என்னை நடத்தியது அது ஒன்றுதான்.

அதனால், அட்டவணையை ஒரு மாதத்துக்கு எடுத்து வையுங்கள். 13-ஆம் சங்கீதத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று தொடங்கும். இப்படிக் கேட்கலாம் என்று வேதமே அனுமதி தருகிறது, கேளுங்கள். பாவத்தைத் தேடும் வேலையை நிறுத்துங்கள். மறைந்திருக்கிற ஒன்றைக் காட்டவேண்டுமானால் அவர் காட்டுவார். தூக்கமும் பசியும் கெட்டுப்போயிருந்தால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள், அதில் அவிசுவாசம் ஒன்றுமில்லை. அந்த அக்காவிடம் கோபம் வேண்டாம். அவரும் எதையோ தேடிக் களைத்தவராக இருக்கலாம்.

நாலரைக்கு எழும் பழக்கத்தில் விழிப்பு வந்தால், ஒரு காப்பி போட்டுக்கொண்டு முற்றத்தில் உட்காருங்கள். பேச வந்தால் பேசுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருங்கள். அவர் அங்கே இருப்பார்.

மகனுக்குக் கட்டுப் பிரித்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்